ஆமி டிரெய்லரின் பின்கால்

அந்த டிரெய்லருக்குப் பின்கால் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். இதை எழுத உட்கார்ந்தபோது வேறு எதைச் சொல்லித் தொடங்கினாலும் அது நழுவப் பார்ப்பது போலவே இருந்தது. அதனால் இதையே முதலில் எழுதிவிட்டேன்.

றொசல்ல ரயில் நிலையத்துக்குக் கீழே பாதை வளையும் இடத்தில் எனக்கு ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் திறப்பு. கேட், ஜன்னல் கம்பி, தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் தண்ணீர்த் தாங்கி வைக்கும் ஸ்டாண்ட், கோயில் உண்டியல் என்று வருவதைச் செய்கிறேன். கடை போடுவதற்கு முன் பல வருடம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஓர் இரும்பைத் தட்டிப் பார்த்தால் அது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

டிரெய்லர் என் தங்கையின் கணவருடையது. நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் அடுத்த தோட்டத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் தோட்டம் தேயிலை மலைகளைப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, பறித்த கொழுந்தை நிறுத்து வாங்கத் தொடங்கியபோது, தூரத்து மலைகளிலிருந்து கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றி வர ஆள் தேவைப்பட்டது. மாப்பிள்ளை லொறி வேலையை விட்டுவிட்டு, பழைய டிராக்டர் ஒன்றோடு அந்த வேலையை எடுத்தார். டிராக்டருக்குப் பின்னால் பூட்ட ஒரு டிரெய்லர் மட்டும் இல்லை.

"ஒரு மாசம் குடுங்க மாப்ள. புதுச் சனல் இரும்பு போட்டு, நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி நானே செஞ்சு தர்றேன்" என்றேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து என் தொலைபேசிக்கு வாட்சப்பில் ஐந்து படங்கள் வந்தன. இராணுவம் கழித்துப் போட்ட சரக்கு டிரெய்லர் ஒன்றை யாரோ ஏலத்தில் எடுத்து, தன் காணியில் விற்பனைக்கு நிறுத்தியிருந்தார். படங்களுக்குக் கீழே மாப்பிள்ளை எழுதியிருந்தார்: "மச்சான் இது எப்பிடி? பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை நீலக்கோடுகள் அவருக்குக் காட்டியிருக்கும். பதில் போடவில்லை. நான் செய்து தருகிறேன் என்று சொன்னது அவருக்குப் போதவில்லை, எவனோ தூக்கி எறிந்தது உசத்தியாகத் தெரிகிறது என்று எனக்குக் கோபம். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு அவர் அதை வாங்கிவிட்டார்.

பிறகு அதை என் கடை வாசலுக்கே இழுத்து வந்தார். இரண்டே சக்கரம், ஆனால் ஆளின் இடுப்புக்கு மேல் உயரமான டயர்கள். உடம்பெல்லாம் ஆமிப் பச்சை. பின்கதவில் பாதி அழிந்த வெள்ளை இலக்கம். முன்னால் டிராக்டரில் கொளுவுவதற்குக் கனமான ஒரு வளையமும், அதைத் தாங்க ஒரு மடக்குக் காலும் இருந்தன. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பின்கதவைத் தட்டிக் காட்டி, "ஆமிச் சாமான். நம்ம காலத்துக்கும் இருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

என்னிடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினார். "மச்சான், பின்னுக்கு ஒரு கால் வேணும். மடுவத்துல இத நிப்பாட்டிட்டு டிராக்டரக் கழட்டிக்கிட்டுப் போயிருவேன். பொம்பளைங்க கொழுந்து மூட்டைய பின்பக்கமாத்தான் ஏத்துவாங்க. பின்னுக்குப் பாரம் கூடினா முன்பக்கம் தூக்கிக்கும்."

மடுவம் என்பது மலையடியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அவர் சொன்னது சரிதான். நடுவில் இரண்டு சக்கரம் மட்டும் உள்ள வண்டி, டிராக்டர் இல்லாதபோது தராசு மாதிரி. பின்னால் ஒரு கால் ஊன்றி நின்றால்தான் ஏற்றும் ஆட்களுக்குப் பயமில்லை.

"ரெண்டு மணித்தியால வேல" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

காலைச் செய்வது சுலபமாகத்தான் இருந்தது. சதுரக் குழாயான ஒரு பொக்ஸ் பாருக்குள் இன்னொன்று ஏறி இறங்கும்படி வெட்டினேன். மேடு பள்ளத்துக்கு ஏற்ப உயரத்தை மாற்ற மூன்று துளைகள், குறுக்கே செருக ஓர் இரும்புப் பின், அது தொலையாமலிருக்கச் சிறு சங்கிலி. அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்புத் தகடு. ஓடும்போது மேலே மடக்கிப் பூட்டிக்கொள்ளலாம். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் காலில் ஒரு குறையும் இல்லை.

குறை இருந்தது அதைப் பிடித்துவைக்க வேண்டிய இடத்தில். டிரெய்லரின் அடிச்சட்டத்தில் கடைசியாக ஒரு குறுக்குச் சட்டம் ஓடியது. அதில்தான் காலின் பிடியை வெல்ட் பண்ண வேண்டும். பெயின்ட்டை எடுக்க கிரைண்டரை வைத்தேன். பச்சை போனது, அதற்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே மறுபடி பச்சை. அதுவும் போன பிறகு பளிச்சென்று இரும்பு தெரிந்திருக்க வேண்டும். செதில் செதிலாகத் துரு கொட்டியது. சுத்தியலால் தட்டினேன். மணி மாதிரிக் கேட்க வேண்டிய இடத்தில் மரத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். திருப்புளியை ஓர் இடத்தில் வைத்து அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது.

இராணுவத்திலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு கால் இருந்திருக்கிறது. அதைக் கழற்றிய துளைகள் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, சட்டம் உள்ளே இருந்தே தின்னப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய சனல் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. எனக்கு அது அந்த நிமிடமே தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் வரும். இரண்டு மணித்தியாலம் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன் என்பது ஒன்று. தங்கை அப்போதுதான் தேநீர்ப் போத்தலோடும் சந்தனக் கிண்ணத்தோடும் வந்து, டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தாள், அவள் முகத்தை வாடவைக்க மனமில்லை என்பது இன்னொன்று. இதைத்தான் நான் அதிகம் சொல்லிக்கொள்வேன், கேட்க நல்லவிதமாக இருப்பதால். ஆனால் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும் காரணம் வேறு. என்னைக் கேட்காமல் வாங்கினார் அல்லவா, வாங்கினதற்கு அவரே பொறுப்பு என்று உள்ளுக்குள் ஒரு குரல் இருந்தது. அவர் கேட்டிருந்தார். பதில் சொல்லாதவன் நான். அந்தக் குரல் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிடியை நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, கொஞ்சம் தேறும் என்று தோன்றிய இடத்தில் வைத்து வெல்ட் பண்ணினேன். கூர், அதாவது வெல்டிங் கம்பி, பட்டதும் துரு பொரிந்தது. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தது. அதை நிரப்பினேன். நிரப்பியதை அராவி, வழவழப்பாக்கி, பச்சைப் பெயின்ட் இரண்டு கை அடித்தேன். புதிதாகச் செய்தது எது, பழையது எது என்று தெரியாத அளவுக்கு அழகாக இருந்தது. அழகாக்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் சட்டத்தின் பாதியை வெட்டியிருப்பேன்.

மாப்பிள்ளை டிராக்டரைக் கழற்றிவிட்டு, டீக்கடையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றினார். குதித்துப் பாருங்கள் என்றார். குதித்தார்கள். டிரெய்லர் அசையவில்லை.

"கை ராசி மச்சான்" என்றார்.

நான் கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

எட்டு மாதம் அது ஓடியது. பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். மடங்கிய கால் பின்னால் ஆடிக்கொண்டு போவது தெரியும். போகப் போக எட்டிப் பார்ப்பதும் குறைந்தது. ஒரு தடவை மட்டும் மாப்பிள்ளை, "பின்னுக்கு லேசா ஒரு சத்தம் குடுக்குது மச்சான்" என்றார். "ஞாயித்துக்கிழம கொண்டாங்க, பாப்போம்" என்றேன். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. கொழுந்து கூடின காலம், ஞாயிறும் ஏற்றினார்கள். அடுத்த ஞாயிறு நான் கேட்கவில்லை.

விழுந்தது ஒரு மழை நாள் பின்னேரம். எனக்குத் தொலைபேசி எடுத்தது தங்கை. மடுவத்தில் டிரெய்லர் சாய்ந்துவிட்டது, மேல் லயத்து அக்காவின் கால் போய்விட்டது என்று அழுதாள். மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்காவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையும் கூடவே போயிருந்தார்.

அந்த அக்காவை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். புருஷன் இறந்த பிறகு கொழுந்து பறித்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். மூட்டையைத் தூக்கிப் பின்கதவில் வைக்கும்போது டிரெய்லரின் பின்பக்கம் அப்படியே இறங்கியிருக்கிறது. மூட்டைகள் சரிந்து ஆளைத் தள்ளியிருக்கின்றன. கதவின் விளிம்பு இடது பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. பெண்கள் பத்துப் பேர் சேர்ந்துதான் தூக்கியிருக்கிறார்கள்.

முன்வளையம் வானத்தைப் பார்க்க, டிரெய்லர் பின்னுக்குக் குந்தியிருந்தது. சேற்றில் கொழுந்து பரவிக் கிடந்தது. நான் குனிந்து அடியில் பார்த்தேன். நான் செய்த கால் சாய்ந்து கிடந்தது, இரும்புப் பின் கழலவில்லை, குழாய் வளையவில்லை. பிடியோடு சேர்ந்து உள்ளங்கை அளவுக்குக் குறுக்குச் சட்டமும் கிழிந்து வந்திருந்தது. கிழிந்த விளிம்பு முழுக்கத் துரு, நடுவில் மட்டும் மெல்லிய நூல் மாதிரி வெள்ளை இரும்பு.

பின்னால் கண்டாக்கு ஐயா குடையோடு வந்து நின்றார். தோட்டத்தில் வெளிவேலைகளைப் பார்க்கும் அதிகாரி அவர். தொழிற்சாலையில் இருந்த காலத்திலிருந்தே என்னைத் தெரியும்.

"நீ வேல தெரிஞ்ச ஆளு. பாத்து சொல்லு. எதனால விழுந்திச்சு?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மழையில் அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகள் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு யோசிக்க அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறது.

"மண்ணு எளகிருக்குங்க ஐயா" என்றேன். "கால் ஒரு பக்கமா பொதைஞ்சிருக்கு. சாஞ்சதும் பிடி பிச்சிக்கிருச்சு. கீழ ஒரு பலக போட்டு நிப்பாட்டியிருக்கணும்."

"அப்ப ஓட்டுறவன் பாத்து நிப்பாட்டல."

"மழ நாள்தானேங்க" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

எல்லாரும் நகர்ந்த பிறகு, கிழிந்த துண்டோடு காலை எடுத்து என் சாமான் பைக்குள் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். சவரம் செய்யாத முகம். அக்காவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம், பாதத்தில் எலும்பு நொறுங்கியிருக்கிறதாம், கம்பி வைத்துப் பார்ப்பார்களாம். சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"மன்னிச்சிக்கிங்க மச்சான்" என்றார்.

"எதுக்கு மாப்ள?"

"நீங்க அவ்வளவு உறுதியா செஞ்சு குடுத்தீங்க. நான் நெலத்தப் பாக்காம ஊணிட்டேன். ஊர்ல சில பேரு ஒங்க வேலையக் கொற சொல்றாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டேன், எம்மேலதான் பெழன்னு."

என் கையில் கூர் பிடிக்கும் ஹோல்டர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்க மாப்ள, நடந்தது நடந்திருச்சு" என்றேன். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் கேட்ட மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், துருவின் மேல் வெல்ட் பண்ணியதைச் சொல்லமாட்டேன். கண்டாக்கு ஐயாவிடம் பொய் சொன்னதைக்கூட அடுத்துத்தான் சொல்வேன். முதலில் இதைத்தான் சொல்வேன்.

தோட்டத்தில் விசாரணை எழுதினார்கள். கவனக்குறைவு என்று முடித்து, கொழுந்து ஏற்றும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டிரெய்லர் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தை மூடிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை கினிகத்தேனையில் ஒரு மரக்கறிக் கடைக்கு லொறி ஓட்டப் போனார். மேல் லயத்துக்கு வாகனம் போகாது, எழுபது எண்பது படி ஏற வேண்டும். அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, கிளினிக் நாட்களில் மாப்பிள்ளைதான் லீவு போட்டுவிட்டு வந்து அவரை முதுகில் சுமந்து பாதைக்கு இறக்குவார், திரும்பச் சுமந்து ஏற்றுவார். தங்கை என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "வீட்டுல ஒரு வார்த்த பேசறதில்லண்ணே. புள்ளைங்க சிரிச்சாக்கூட எந்திரிச்சு வெளிய போயிர்றாரு."

நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் படிகளுக்கு இரும்புக் கைப்பிடி அடித்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். ஒவ்வொரு தூணுக்கும் நல்ல இரும்பாகப் பார்த்து, ஆழக் குழி வெட்டி, கொங்கிரீட் போட்டேன். லயத்து ஆட்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை. மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கக்கூசுக்குள்ளும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று அந்த அக்கா சொல்லியனுப்பினார். ஞாயிறு பின்னேரம் அளவெடுக்கப் போனேன். லயத்து அறையான காம்பராவுக்குள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் வைத்த கம்பிகளை எடுத்திருந்தார்கள். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, தோல் பளபளவென்று இருந்தது. நான் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தேன்.

"தம்பி, ஒங்க மாப்ளகிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றார். "இனிமே தூக்க வரவேணாமுன்னு. பேரன் வந்திருக்கான், அவன் பாத்துக்குவான். அவரு மூஞ்சியப் பாக்க முடியல தம்பி. குனிஞ்சுக்கிட்டே வாராரு, குனிஞ்சுக்கிட்டே போறாரு."

"சொல்றேங்கக்கா."

"எனக்கு ஒண்ணு வெளங்கவே இல்ல. மூட்டைய வச்சிட்டு நிக்கிறேன். படார்னு ஒரு சத்தம். தகரத்தக் கிழிக்கிற மாதிரி. அப்புறந்தான் எறங்குச்சு. மண்ணுல பொதைஞ்சா சத்தமில்லாமத்தானே போவும்? என்னைய யாருமே கேக்கல. நீங்க வேல தெரிஞ்சவரு, அதான் கேக்குறேன்."

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, இல்லை உண்மையிலேயே விளங்காமல் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையில் அளவுநாடா இருந்தது. அது சுருங்கி உள்ளே போன சத்தம் மட்டும் கேட்டது.

"மண்ணு இல்லங்கக்கா" என்றேன். "நான் வெல்டிங் அடிச்ச எடம் உக்கிப்போயிருந்திச்சு. அதுதான் கிழிஞ்சிச்சு. கண்டாக்கு ஐயாகிட்ட நான் பொய் சொன்னேன்."

பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உக்கிப்போனது விழுந்தப்புறந்தான் தெரியுமா, முன்னாடியே தெரியுமா?"

"முன்னாடியே தெரியும்."

அவர் கம்பளியை இழுத்துப் பாதத்தை மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "ஒங்க மாப்ளகிட்ட நீங்களே போயி சொல்லுங்க. என் வாயால சொல்லமாட்டேன்" என்றார். நான் எழுந்தேன். "அந்தக் கம்பிய வேற ஆள வச்சு அடிச்சிக்கிறேன்" என்றார். கோபமான குரல் இல்லை. தேநீர் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போய், பையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை அவர் முன்னால் படியில் வைத்தேன். இருந்ததை இருந்தபடி சொன்னேன். கிரைண்டர் வைத்தபோது பார்த்ததை, திருப்புளி உள்ளே போனதை, மேலே பெயின்ட் அடித்ததை, மடுவத்தில் சொன்னதை, எல்லாவற்றையும்.

அவர் ஈரக் கையோடு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் துருவைச் சுரண்டினார். பிறகு உள்ளே பார்த்து, "இங்க வா" என்று தங்கையைக் கூப்பிட்டார்.

"இப்ப எங்கிட்ட சொன்னத இவகிட்ட சொல்லுங்க மச்சான்."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியிலேயே அழத் தொடங்கினாள். ஆனால் என்னைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மச்சான் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார். "சொல்லியிருந்தா ரெண்டு நாள் நிப்பாட்டியிருப்பேனே. வேற என்னா செஞ்சிருக்கப் போறேன்?"

"தெரியல மாப்ள" என்றேன்.

மறுநாள் காலையில் பெரட்டு நேரத்துக்கு, அதாவது ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரத்துக்கு, தோட்டத்துக்குப் போய்க் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னேன். தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் ஆட்களுக்கு நடுவில் நின்றார், அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் கொழுந்து ஏற்றும் வேலை போனது போனதுதான். அதை எடுத்தவர் அதற்கென்று வாகனம் வாங்கியிருந்தார், அவரை எப்படி விலக்குவது என்றார். மாப்பிள்ளையின் பேரிலிருந்த பழி மட்டும் தோட்டத்துப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது.

டிரெய்லரைச் சரிபண்ணித் தரட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். நல்ல மனிதர், யோசித்துத்தான் சொன்னார்: "வேணாம் மச்சான். நீங்க நல்லாத்தான் செய்வீங்க. ஆனா நீங்க செஞ்சா அதுக்குப் பின்னால ஒரு ஆள நிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது." கினிகத்தேனையில் வெல்டிங் மேஸ்திரியான ஒரு சிங்களப் பாஸ் இருக்கிறார், அவரிடம் இழுத்துப் போனார். அந்த மனிதர் குறுக்குச் சட்டம் மட்டுமல்ல, பக்கச் சட்டங்களிலும் ஒவ்வொரு முழம் வெட்டிப் போட்டுப் புதிதாகச் செய்திருந்தார். பாதையில் போகும்போது பார்த்தேன். பெயின்ட் அடிக்காமல், வெல்டிங் தெரியும்படியே துருப் பிடிக்காத சிவப்புப் பூச்சு மட்டும் பூசியிருந்தது. வேலை நன்றாக இருந்தது.

இப்போது மாப்பிள்ளை அதில் மரக்கறி ஏற்றுகிறார். சனிக்கிழமைகளில் என் கடையைத் தாண்டிப் போவார். கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். தங்கை பழையபடி வருகிறாள், போகிறாள். பிள்ளைகள் விடுமுறைக்கு என் வீட்டில்தான் தங்குகிறார்கள். தீபாவளிக்கு எல்லாரும் வந்தார்கள், மாப்பிள்ளையும் வந்தார். மழையைப் பற்றி, பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி, உரம் கிடைக்காதது பற்றியெல்லாம் பேசினார். இரும்பைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. முன்பெல்லாம் ஒரு திருகாணி தளர்ந்தாலும் தொலைபேசி எடுப்பவர்.

அந்த அக்காவுக்கு மலையேற முடியாததால் தோட்டத்துப் புள்ளக் காம்பராவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. போன மாதம் அதன் ஜன்னல் கொண்டி உடைந்துவிட்டது என்று தோட்டத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். அக்கா ஒரு குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த ஜன்னலுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளைக் கையால் காட்டி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அதுகள இந்தப் பக்கம் மாத்திப் போடு" என்றார். அவள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்துச் சுவரோரம் படுக்கவைத்தாள்.

நான் கொண்டியைக் கழற்றினேன். மரச்சட்டம் உள்ளே உளுத்திருந்தது. அதை அக்காவிடம் சொன்னேன், சட்டத்தையும் மாற்ற வேண்டும், நாளைக்கு மரவேலைக்காரரோடு வருகிறேன், அதுவரை இந்தப் பக்கம் யாரையும் படுக்கவைக்க வேண்டாம் என்றேன்.

"சரி" என்றார். குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.